கால்பந்து வாத்தியார் ரகீம்

போலீஸ்காரர்கள் திருடர்களைப் பிடிப்பார்கள். திருவிழாக் கூட்டத்தை ஒழுங்கு செய்வார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

ஐதராபாத் போலீஸ்காரர்கள் இன்னொன்றையும் பிடித்தார்கள். அவர்கள் கோப்பைகளைப் பிடித்தார்கள்!

பம்பாயில் ரோவர்ஸ் கோப்பை என்று ஒரு பெரிய கால்பந்துப் போட்டி நடந்து வந்தது. அதில் 1950-ம் ஆண்டு முதல் 1954-ம் ஆண்டு வரை, தொடர்ந்து 5 ஆண்டுகள், ஐதராபாத் நகரப் போலீஸ் கோஷ்டியே வெற்றி பெற்றது.

அந்தக் காலத்தில் கால்பந்து என்றால் கல்கத்தாதான். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்று பெரிய பெரிய கோஷ்டிகள் அங்கே இருந்தன. அவற்றுக்குப் பணம் இருந்தது. பெயர் இருந்தது. ஆயிரக்கணக்கில் ரசிகர்கள் இருந்தார்கள்.

ஐதராபாத் போலீஸ் கோஷ்டிக்கு அத்தனை வசதி ஏது? அதில் ஆடியவர்கள் காக்கிச் சட்டை போட்ட போலீஸ்காரர்கள். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தியவர்கள்.

ஆனால் அவர்களிடம் ஒருவர் இருந்தார். அவர் போலீஸ்காரர் அல்ல. பணக்காரரும் அல்ல. அவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார்!

அவர் பெயர் சையது அப்துல் ரகீம். சின்ன கோஷ்டியைப் பெரிய கோஷ்டி ஆக்கியவர் அவர். பிறகு இந்தியாவையே ஆசியாவின் முதல் கோஷ்டி ஆக்கியவரும் அவர்தான்.

அந்த வாத்தியாரின் கதை இது.

நைசாம் ஊரில்

ரகீம் 1909-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ந் தேதி ஐதராபாத்தில் பிறந்தார். அப்போது ஐதராபாத்தை நைசாம் மன்னர் ஆண்டு வந்தார்.

ஐதராபாத்துக்குப் பக்கத்திலேயே செகந்திராபாத் இருக்கிறது. அங்கே வெள்ளைக்காரரின் ராணுவ முகாம் இருந்தது. மாலை வேளையில் சிப்பாய்கள் பந்து ஆடுவார்கள். ஊர்ப் பையன்கள் ஓரமாக நின்று பார்ப்பார்கள். பார்த்ததைத் தங்கள் தெருவில் ஆடிப் பார்ப்பார்கள். இப்படித்தான் அந்த ஊரில் கால்பந்து வேர் விட்டது.

ரகீமையும் பந்து இழுத்தது. ஆனால் அவர் படிப்பை விடவில்லை. உஸ்மானியா சர்வகலாசாலையில் சேர்ந்தார். அங்கே அவர் கால்பந்துக் கோஷ்டியிலும் ஆடினார். பி.ஏ. பட்டமும் பெற்றார். கல்லூரியை விட்ட பிறகு கமர் கிளப் என்ற உள்ளூர் கோஷ்டிக்கு ஆடினார்.

அந்த நாளில் பி.ஏ. படித்தவர்கள் குறைவு. பட்டம் வாங்கியவருக்கு நல்ல உத்தியோகம் கிடைக்கும். ரகீம் என்ன செய்தார் தெரியுமா? வாத்தியார் வேலைக்குப் போனார்!

முதலில் காச்சிகுடா நடுநிலைப் பள்ளியில் பாடம் நடத்தினார். பிறகு உடற்பயிற்சிக் கல்வி படித்துச் சான்றிதழ் வாங்கினார். தாருல் உலூம் உயர்நிலைப் பள்ளியிலும், சாதர்காட் உயர்நிலைப் பள்ளியிலும் விளையாட்டுப் பொறுப்பை ஏற்றார்.

அவர் சாகும் வரை அவரிடம் அந்த வாத்தியார் குணம் போகவே இல்லை. பந்தை உதைக்கச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாட்டில் பலர். பந்தைப் பற்றி யோசிக்கச் சொல்லிக் கொடுத்தவர் ரகீம்.

இடது கால் போட்டி

1943-ம் ஆண்டு ரகீம் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் ஆனார். அப்போது அவருக்கு வயது 34.

சங்கத்தின் செயலாளர் என்றால் கடிதம் எழுதுவார், கணக்குப் பார்ப்பார், கோப்பை கொடுக்கும் விழாவுக்கு நாற்காலி போடச் சொல்வார். ரகீம் அதோடு நிற்கவில்லை. ஊர்ப் பையன்கள் ஆடுவதை உன்னிப்பாகப் பார்த்தார். அவர்களிடம் 2 குறைகளைக் கண்டார்.

முதல் குறை என்ன?

மம்சாபுரத்திலோ, ராஜபாளையத்திலோ பந்து ஆடும் பையன்களைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் வலது காலால்தான் உதைப்பார்கள். பந்து இடது பக்கம் வந்தால் தடுமாறுவார்கள். உடம்பைத் திருப்பி, வலது காலுக்குப் பந்தைக் கொண்டு வருவார்கள். அதற்குள் எதிரி வந்து பந்தைப் பறித்துக்கொண்டு போய்விடுவான்!

ஐதராபாத்திலும் இதே கதைதான். இதற்கு ரகீம் ஒரு மருந்து கண்டுபிடித்தார். எந்தக் காலுக்குப் பழக்கம் குறைவோ, அந்தக் காலால் மட்டுமே ஆடவேண்டும் என்று தனிப் போட்டி நடத்தினார்!

ஊரார் இதைப் பார்த்துச் சிரித்திருக்கலாம். ஆனால் அப்படி ஆடிய பையன்களுக்கு 2 கால்களும் சமமாகப் பழகின.

இரண்டாவது குறை என்ன?

பந்து கையில் கிடைத்த மிட்டாய் போல, ஒருவனே அதை வைத்துக்கொண்டு ஓடுவான். 2 பேரை ஏமாற்றுவான். கூட்டம் கை தட்டும். மூன்றாவது ஆளிடம் பந்தைப் பறிகொடுப்பான். பக்கத்தில் கூட்டாளி சும்மா நின்றுகொண்டு இருப்பான்.

இதற்கும் ரகீம் மருந்து கொடுத்தார். பந்தை வைத்துக்கொண்டு ஓடவே கூடாது என்ற விதியோடு இன்னொரு போட்டி நடத்தினார். பந்து வந்ததும் கூட்டாளிக்குத் தள்ளிவிட வேண்டும். தள்ளிவிட்டுக் காலி இடத்துக்கு ஓடவேண்டும். அங்கே பந்து திரும்பி வரும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேரை ஓர் ஆள் இழுக்க முடியுமா? எவ்வளவு பெரிய பலசாலியாக இருந்தாலும் முடியாது. ஆயிரம் பேர் ஒன்றாக வடம் பிடித்தால் தேர் நகருகிறது. கால்பந்தும் அப்படித்தான். 11 பேரும் ஒரே வடத்தைப் பிடிக்கவேண்டும். ரகீமின் பாடம் இதுதான்.

உயரம் குறைந்த பையன்களுக்கும் அவர் தனிப் போட்டிகள் வைத்தார். குட்டையாக இருக்கிறான் என்று ஒரு பையன் ஓரமாக உட்கார்ந்துவிடக்கூடாது என்பது அவர் எண்ணம்.

இந்தப் போட்டிகளுக்குப் பெரிய செலவு இல்லை. ஒரு பந்து, ஒரு மைதானம், ஒரு யோசனை. அவ்வளவுதான்!

காக்கிச் சட்டை கோஷ்டி

ஐதராபாத் நகரப் போலீஸ் இலாகாவில் ஒரு கால்பந்துக் கோஷ்டி இருந்தது. ஏழைப் பையன் ஒருவன் நன்றாகப் பந்து ஆடினால், அவனுக்குப் போலீசில் வேலை கிடைக்கும். மாதா மாதம் சம்பளம் வரும். வீட்டில் அடுப்பு எரியும். ஆகவே திறமையான பையன்கள் அங்கே சேர்ந்தார்கள்.

இந்தக் கோஷ்டிக்கு ஆதரவாக நின்றவர் சிவகுமார் லால் என்ற போலீஸ் அதிகாரி. ஐதராபாத்தில் கோசாமகால் போலீஸ் மைதானத்துக்குப் பிற்காலத்தில் அவர் பெயரையே வைத்தார்கள்.

1943-ம் ஆண்டிலேயே போலீஸ் கோஷ்டி ஒரு வேலை செய்து காட்டியது. பெங்களூரில் ஆஷ் தங்கக் கோப்பைப் போட்டி நடந்தது. அதில் வெள்ளைக்காரரின் விமானப் படை கோஷ்டியைப் போலீஸ் கோஷ்டி தோற்கடித்தது. உலகப் போர் நடந்துகொண்டு இருந்த நேரம் அது. ஆளுகிறவர்களின் கோஷ்டியை உள்ளூர்ப் போலீஸ்காரர்கள் தோற்கடித்தார்கள் என்றால், ஊருக்கு எவ்வளவு பெருமையாக இருந்திருக்கும்!

1947-ல் இந்தியா சுதந்திரம் அடைந்தது. 1948-ல் ஐதராபாத் இந்தியாவோடு சேர்ந்தது. நைசாம் ஆட்சி முடிந்தது. ஐதராபாத் நகரம் பெரிய மாறுதலைக் கண்டது.

இந்த மாறுதலுக்கு 2 ஆண்டுகளுக்குப் பிறகு, 1950-ல், ரகீம் போலீஸ் கோஷ்டியின் பயிற்சியாளர் ஆனார். கோஷ்டி பம்பாய்க்கு ரயில் ஏறியது.

பந்து தரையில் ஓடியது

பம்பாய் ரசிகர்கள் போலீஸ் கோஷ்டியின் ஆட்டத்தைப் பார்த்து வியந்தார்கள்.

அப்போது பல கோஷ்டிகள் பந்தை ஆகாயத்தில் தூக்கி அடிக்கும். உயரமான ஆட்கள் தலையால் முட்டுவார்கள். தோளால் இடிப்பார்கள். உடம்பு பெரிதாக இருந்தால் வெற்றி என்று நினைத்தார்கள்.

ரகீமின் ஆட்கள் பந்தைத் தூக்கவில்லை. பந்து தரையிலேயே ஓடியது. ஒருவர் காலில் இருந்து இன்னொருவர் காலுக்கு, அங்கிருந்து மூன்றாவது காலுக்கு! தறியில் நாடா ஓடுவது போல இங்கும் அங்கும் பந்து ஓடியது. எதிரிகள் பந்தைத் துரத்தித் துரத்திக் களைத்தார்கள்.

1950-ல் ரோவர்ஸ் கோப்பை கிடைத்தது. அதே ஆண்டு டில்லியில் நடந்த டூராண்டு கோப்பைப் போட்டியிலும் போலீஸ் கோஷ்டி இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிரே நின்றது யார்? கல்கத்தாவின் புகழ்பெற்ற மோகன் பகான்! போலீஸ்காரர்கள் அந்தக் கோப்பையையும் கொண்டு வந்தார்கள்.

பிறகு 1951, 1952, 1953, 1954 என்று ரோவர்ஸ் கோப்பை வரிசையாக ஐதராபாத்துக்கே வந்தது. 1954-ல் டூராண்டு கோப்பை மீண்டும் கிடைத்தது. 1957-ம் ஆண்டுப் போட்டியிலும் கிடைத்தது.

அசீசுதீன், நூர் முகமது, மொயினுதீன் முதலியவர்கள் இந்தியாவுக்காக ஆடப் புறப்பட்டார்கள். ஒரு நகரத்துப் போலீஸ் கோஷ்டி, ஒரு தேசத்துக்கே ஆட்களைக் கொடுத்தது!

ஹெல்சிங்கியில் விழுந்த அடி

போலீஸ் கோஷ்டியை வளர்த்தவரிடம் இந்திய கோஷ்டியையும் ஒப்படைத்தார்கள்.

1951-ம் ஆண்டு டில்லியில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. கால்பந்து இறுதி ஆட்டத்தில் இந்தியா ஈரானை எதிர்த்தது. மேவாலால் ஒரு கோல் அடித்தார். அந்த ஒரு கோலில் தங்கப் பதக்கம் கிடைத்தது.

ரகீமைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். ஆனால் மறு ஆண்டே பெரிய அடி காத்திருந்தது.

1952-ம் ஆண்டு பின்லாந்து நாட்டின் தலைநகரான ஹெல்சிங்கியில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. இந்தியா யூகோஸ்லாவியாவை எதிர்த்து ஆடியது. இந்திய ஆட்டக்காரர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள்!

அது அவர்கள் பழக்கம். நம் ஊர்க் காய்ந்த தரையில் வெறுங்கால் நன்றாக ஓடும். பந்தும் சொன்னபடி கேட்கும். ஆனால் பின்லாந்துக் குளிரில் விறைத்த கால் என்ன செய்யும்? எதிரிகளோ முள் பதித்த பூட்சோடு வந்தார்கள்.

யூகோஸ்லாவியா 10 கோல் அடித்தது. இந்தியா ஒரே ஒரு கோல் அடித்தது.

பத்துக்கு ஒன்று! வேறு ஒருவராக இருந்தால் வெட்கப்பட்டு வீட்டில் உட்கார்ந்து இருப்பார். அல்லது ஆட்டக்காரர்கள் மீது பழி போட்டு இருப்பார். ரகீம் தோல்வியை ஒரு பாடமாக எடுத்துக்கொண்டார்.

இனிமேல் எல்லோரும் பூட்ஸ் போட்டுத்தான் ஆடவேண்டும் என்று அகில இந்திய கால்பந்து சம்மேளனம் விதி செய்தது. ரகீம் ஆட்டக்காரர்களைப் பூட்ஸ் போட்டு ஓடப் பழக்கினார். ஐரோப்பியர் எப்படி ஆடுகிறார்கள், எந்த இடத்தில் ஆளை நிறுத்துகிறார்கள் என்பதை எல்லாம் ஆராய்ந்தார்.

மெல்போர்னில் பதில்

4 ஆண்டுகள் போயின. 1956-ம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் உள்ள மெல்போர்ன் நகரில் அடுத்த ஒலிம்பிக் நடந்தது.

இந்தியா முதலில் அங்கேரி நாட்டை எதிர்க்க வேண்டும். அந்த ஆண்டு அங்கேரியில் புரட்சி வெடித்து, ரஷியப் படை புகுந்து இருந்தது. அங்கேரி கால்பந்துப் போட்டிக்கு வரவில்லை. ஆகவே இந்தியா அடுத்த சுற்றுக்குப் போயிற்று.

அடுத்த சுற்றில் ஆஸ்திரேலியாவே எதிரி. சொந்த நாடு, சொந்த மைதானம், சொந்த ஜனங்கள். இந்தியா என்ன செய்யும் என்று அலட்சியமாக இருந்தார்கள். நெவில் டிசூசா என்ற பம்பாய் வீரர் 3 கோல் அடித்தார்! கிட்டு என்று செல்லமாக அழைக்கப்பட்ட கிருஷ்ணசாமி ஒரு கோல் அடித்தார். 4-க்கு 2 என்று இந்தியா வென்றது.

ஒலிம்பிக் கால்பந்தில் அரை இறுதிக்கு வந்த முதல் ஆசிய நாடு இந்தியாதான்.

அரை இறுதியில் வந்தது யார்? அதே யூகோஸ்லாவியா! டிசூசா முதல் கோலை அடித்து எதிரிகளைத் திடுக்கிட வைத்தார். முடிவில் யூகோஸ்லாவியா 4-க்கு 1 என்று வென்றது. மூன்றாம் இடத்துக்கு நடந்த ஆட்டத்தில் பல்கேரியாவிடமும் இந்தியா தோற்றது. நாலாம் இடம் கிடைத்தது.

பதக்கம் இல்லைதான். ஆனால் 4 ஆண்டுகளுக்கு முன் பத்துக் கோல் வாங்கிய கோஷ்டி இது என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும். 1952-ல் பாடம் படித்த வாத்தியார், 1956-ல் பரீட்சை எழுதிக் காட்டினார்.

4-2-4 என்று ஓர் ஆட்ட முறை உண்டு. கோல் காவலர் போக மீதி 10 பேரில், பின்னால் 4 பேர் காவல், நடுவில் 2 பேர், முன்னால் 4 பேர் தாக்குதல். 1958-ல் பிரேசில் நாடு இந்த முறையில் ஆடி உலகக் கோப்பையை வென்றது. ரகீம் இந்த முறையை இந்திய வீரர்களுக்குப் பழக்கினார். ஐதராபாத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், உலகம் எங்கே போகிறது என்பதைக் கவனித்துக்கொண்டே இருந்தார்!

சைக்கிள் வாடகை

நல்ல ஆட்டக்காரனைக் கண்டுபிடிப்பதில் ரகீம் கெட்டிக்காரர்.

செகந்திராபாத்தில் அம்முகுடா என்ற இடத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது. ஏழைக் குடும்பம். அந்த வீட்டுப் பையன் பெயர் துளசிதாஸ் பலராம். பையன் பந்தோடு பிறந்தவன் போல ஆடினான். ரகீம் பார்த்தார். ஐதராபாத்துக்குப் பயிற்சிக்கு வரச் சொன்னார்.

பையனுக்கு ஆசைதான். ஆனால் அவ்வளவு தூரம் எப்படிப் போவது? வண்டிக்குக் காசு இல்லை. ரகீம் வாடகை சைக்கிளுக்குக் காசு கொடுத்தார். பையன் சைக்கிள் மிதித்து வந்து பயிற்சி பெற்றான்.

அந்தப் பலராம் 1956-ல் மெல்போர்னுக்குப் போனார். அப்போது அவருக்கு 20 வயது. 1960-ல் ரோம் ஒலிம்பிக்கில் அங்கேரிக்கு எதிராகவும், பெருவுக்கு எதிராகவும் கோல் அடித்தார். இந்தியாவின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர் என்று பெயர் எடுத்தார். 2023-ம் ஆண்டு அவர் காலமானார். சைக்கிள் வாடகை வீண் போகவில்லை!

பீட்டர் தங்கராஜ் என்ற தமிழரும் செகந்திராபாத்தில் வளர்ந்தவர்தான். நல்ல உயரம். முதலில் கோல் அடிக்கும் இடத்தில் ஆடினார். பிறகு கோல் காவலர் ஆனார். நீலகிரியில் உள்ள வெல்லிங்டன் ராணுவ முகாமில், சென்னை ரெஜிமெண்டு கோஷ்டியில் சேர்ந்தார். 1955-லும், 1958-லும் அந்தக் கோஷ்டி டூராண்டு கோப்பையை வென்றது. ரகீமின் இந்திய கோஷ்டிக்கு அவர் மதில் சுவர் போல நின்றார்.

தகப்பனும் மகனும்

ரகீமுக்கு ஒரு மகன் இருந்தார். பெயர் சையது சாகித் ஹக்கீம். அவரும் நல்ல ஆட்டக்காரர். 1960-ல் ரோம் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய கோஷ்டியில் அவருக்கும் இடம் கிடைத்தது.

ரோமில் இந்தியா 3 ஆட்டங்கள் ஆடியது. அங்கேரியிடம் 2-க்கு 1 என்று தோற்றது. பிரான்சுடன் ஆளுக்கு ஒரு கோல் என்று சமமாக முடித்தது. பெருவிடம் 3-க்கு 1 என்று தோற்றது.

இந்த 3 ஆட்டங்களில் ஒன்றில்கூட மகன் மைதானத்தில் இறங்கவில்லை. கோஷ்டியை நடத்தியவர் சொந்தத் தகப்பனார்! ஒலிம்பிக்கில் ஆடினார் என்று மகனுக்குப் பெயர் கிடைக்க, ஒரு ஆட்டத்தில் இறக்கி இருக்கலாம். ரகீம் அப்படிச் செய்யவில்லை.

அந்த இடத்துக்கு இன்னொருவர் பொருத்தம் என்றால், இன்னொருவர்தான் ஆடவேண்டும். வகுப்பில் வாத்தியாரின் பிள்ளைக்குத் தனி மார்க்கு கிடையாது.

ஹக்கீம் தகப்பனாரை வெறுக்கவில்லை. பிறகு சர்வதேச நடுவர் ஆனார். தகப்பனாரின் பெருமையைப் பல ஆண்டுகள் எடுத்துச் சொன்னார். 2021-ல் அவர் காலமானார்.

நெஞ்சில் நோய்

1962-ம் ஆண்டு பிறந்தது. இந்தோனேசியாவின் தலைநகரான ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடக்க இருந்தது.

ரகீமுக்கு 53 வயது. உடம்பு கெட்டுக்கொண்டு வந்தது. அவருக்குப் புகைக்கும் பழக்கம் அதிகம். நெஞ்சில் புற்றுநோய் பற்றி இருந்தது. ஆனால் அவர் கோஷ்டியை விட்டு விலகவில்லை. பிள்ளைகளோடு ஜகார்த்தா போனார்.

முதல் ஆட்டத்திலேயே அடி விழுந்தது. தென் கொரியா 2-க்கு 0 என்று இந்தியாவை வென்றது.

அடுத்து தாய்லாந்தை 4-க்கு 1 என்று இந்தியா வென்றது. ஆனால் அந்த ஆட்டத்தில் காவல் வீரர் ஜர்னைல் சிங்கின் தலை பிளந்தது. 6 தையல் போட்டார்கள். அடுத்த ஆட்டத்தில் ஜப்பானை 2-க்கு 0 என்று வென்று இந்தியா அரை இறுதிக்கு வந்தது.

தலையில் தையல் போட்ட ஜர்னைல் சிங்கை என்ன செய்வது? பின்னால் நின்று காவல் காத்தால் எதிரிகளின் பந்தைத் தலையால் முட்டித் தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். தையல் தாங்காது. வீட்டுக்கு அனுப்பவும் மனம் இல்லை. அத்தனை நல்ல வீரர்.

ரகீம் யோசித்தார். ஜர்னைல் சிங்கை முன்னால் அனுப்பினார்! காவல்காரரைக் கோல் அடிப்பவர் ஆக்கினார். அரை இறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக ஜர்னைல் சிங் ஒரு கோல் அடித்தார். 3-க்கு 2 என்று இந்தியா வென்று இறுதி ஆட்டத்துக்கு வந்தது.

கொதித்த கூட்டம்

இறுதி ஆட்டத்தில் மீண்டும் தென் கொரியா. ஆனால் எதிரி அது மட்டும் அல்ல. மைதானமே எதிரியாக இருந்தது!

காரணம் என்ன? இஸ்ரேலும், தைவானும் போட்டிக்கு வர இந்தோனேசிய சர்க்கார் அனுமதி கொடுக்கவில்லை. இது விதிக்கு விரோதம் என்று ஜி.டி.சோந்தி என்ற இந்தியர் கண்டித்தார். ஒலிம்பிக் கமிட்டியில் இருந்தவர் அவர். இப்படி நடத்தினால் இதை ஆசிய விளையாட்டு என்று சொல்லக்கூடாது என்றார். இந்தோனேசிய ஜனங்களுக்குக் கோபம் வந்தது. இந்தியத் தூதரகத்தைத் தாக்கினார்கள்.

செப்டம்பர் 4-ந் தேதி இறுதி ஆட்டம். மைதானத்தில் சுமார் ஒரு லட்சம் பேர். இந்திய தேசிய கீதம் ஒலித்தபோதே கூச்சல் போட்டார்கள். இந்தியாவுக்காகக் குரல் கொடுத்தவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரில் பாகிஸ்தான் ஆக்கி வீரர்களும் இருந்தார்கள்!

ஆட்டத்துக்கு முந்தின இரவு, ரகீம் தம் பிள்ளைகளிடம் ஒரு பரிசு கேட்டார். நாளைக்குத் தங்கப் பதக்கத்தை வென்று எனக்குக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். நோயில் மெலிந்த வாத்தியார் இப்படிக் கேட்டால், எந்தப் பிள்ளைக்குத்தான் மனம் உருகாது?

வங்காளத்துச் சுனி கோஸ்வாமி தலைவர். ஜுரத்தில் படுத்து இருந்த தங்கராஜ் எழுந்து வந்து கோல் வாயில் நின்றார். பலராமும், ஐதராபாத் யூசுப்கானும், பி.கே.பானர்ஜியும் முன்னணியில் நின்றார்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், சீக்கியர் எல்லோரும் அந்தப் பதினொரு பேரில் இருந்தார்கள்.

17-வது நிமிடம். பி.கே.பானர்ஜி ஒரு கோல் அடித்தார்!

20-வது நிமிடம். தலையில் தையலோடு இருந்த ஜர்னைல் சிங் இன்னொரு கோல் அடித்தார்!

கூச்சல் போட்ட கூட்டம் வாயடைத்தது. ஆட்டம் முடிய 5 நிமிடம் இருக்கும்போது தென் கொரியா ஒரு கோலைத் திருப்பியது. பிறகு தங்கராஜ் விடவில்லை. 2-க்கு 1 என்று இந்தியா வென்றது. தங்கப் பதக்கம் கிடைத்தது.

கேட்ட பரிசை, பிள்ளைகள் கொடுத்துவிட்டார்கள்.

பந்து நின்றது

ஜகார்த்தாவில் இருந்து ஊர் திரும்பிய ரகீம் படுக்கையில் விழுந்தார். நோய் முற்றியது.

1963-ம் ஆண்டு ஜூன் 11-ந் தேதி ரகீம் காலமானார். தங்கப் பதக்கம் கிடைத்து 9 மாதங்கள்தான் ஆகி இருந்தன. கடைசி நாள் வரை அவர் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளராக இருந்தார். 1943-ல் ஏற்ற பொறுப்பை 20 ஆண்டுகள் அவர் கீழே வைக்கவே இல்லை.

அவர் வளர்த்த போலீஸ் கோஷ்டி, ஆந்திர மாநிலம் அமைந்த பிறகு ஆந்திரப் பிரதேச போலீஸ் கோஷ்டி என்று பெயர் மாறியது. அந்தப் பெயரிலும் 1961-ல் டூராண்டு கோப்பையை வென்றது. ஆனால் வாத்தியார் போன பிறகு, பழைய வேகம் மெல்ல மெல்லக் குறைந்தது. இந்தியாவுக்கே ஆட்களைக் கொடுத்த நகரத்தில் கால்பந்துக் கூட்டம் கலைந்தது.

இந்தியாவுக்கும் அப்படித்தான். 1970-ல் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டில் வெண்கலம் கிடைத்தது. ஆனால் 1962-க்குப் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா ஒரு முறைகூடத் தங்கம் வென்றது இல்லை. ஒலிம்பிக் கால்பந்துக்கு இந்தியா போனதும் 1960-ம் ஆண்டோடு சரி.

நீண்ட காலம் ரகீமை நாடு மறந்து இருந்தது. 2024-ல் அவர் வாழ்க்கையை மைதான் என்ற பெயரில் இந்திப் படமாக எடுத்தார்கள். அதன் பிறகுதான் பல வீடுகளில் அவர் பெயர் தெரிந்தது.

ஒரு வாத்தியார் போனதும் ஏன் இவ்வளவு நஷ்டம்? ரகீமின் வித்தை ரகசியம் அல்ல. பழகாத காலைப் பழக்கினார். பந்தைப் பங்கு போடச் சொன்னார். குட்டைப் பையனையும் கூப்பிட்டார். ஏழைப் பையனுக்குச் சைக்கிள் வாடகை கொடுத்தார். தோற்றால் காரணம் தேடினார். சொந்தப் பிள்ளை என்று சலுகை காட்டவில்லை. இதற்கெல்லாம் பெரிய பணம் வேண்டாம். தினமும் மைதானத்துக்கு வருகிற ஒரு மனிதர் வேண்டும். 20 ஆண்டுகள் வரவேண்டும். அதுதான் கஷ்டம்.

கோப்பைகள் கண்ணாடிப் பெட்டியில் கறுத்துப் போகும். போட்டிகளின் பெயர்கூட மறந்து போகும். ஆனால் மலை அடிவாரத்து ஊரானாலும் சரி, பட்டணத்துச் சந்தானாலும் சரி, ஒரு பையன் பந்தைத் தன் இடது காலால் உதைத்துப் பழகினால், பிறகு அதைப் பக்கத்தில் நிற்பவனுக்குத் தள்ளிவிட்டால், ரகீம் வாத்தியாரின் வகுப்பு அங்கே நடக்கிறது என்று அர்த்தம்.